இறந்த நாய் ஏன் இன்னும் வீட்டுக்குள் நடக்கிறது?

நாய் வளர்த்துப் பறிகொடுத்த வீடுகளில் ஒரு விநோதம் நடக்கும். கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மண் தள்ளியவர்களே அவர்கள்தான். ஆனாலும் இரண்டு வாரம் கழித்து, நடுராத்திரியில் மொசைக் தரையில் நகம் படுகிற டிக் டிக் சத்தம் கேட்கும். சாயங்காலம் வாசல் கேட்டைத் திறக்கும்போது, இடுக்கில் புகுந்து தெருவுக்கு ஓடிவிடக் கூடாதென்று முழங்கால் தானாகக் குறுக்கே போகும். கறிக்குழம்பு வைத்த அன்று அம்மா எலும்பைத் தனியாக ஒதுக்கிவைப்பார். வைத்த பிறகுதான், யாருக்கு வைத்தோம் என்று கை நிற்கும்.

இதை வெளியில் சொல்பவர்கள் குறைவு. சொன்னால் பாட்டி, "அது இங்கதான் சுத்திக்கிட்டிருக்கும், கொஞ்ச நாள்ல போயிடும்" என்பார். படித்த பேரனுக்கு வேறு கவலை: மூளை ஏதும் குழம்பிவிட்டதோ? பேயும் வேண்டாம், மனநோயும் வேண்டாம். நன்றாக வேலை செய்கிற ஒரு மூளை இப்படித்தான் நடந்துகொள்ளும் என்கிறது அறிவியல். ஆனால் அந்த விடைக்குள் ஒரு புதிர் இருக்கிறது. நாய் இல்லை என்று திட்டவட்டமாகத் தெரிந்த அதே மூளை, அது வரும் என்று எப்படி எதிர்பார்க்கிறது? அறிந்ததும் எதிர்பார்ப்பதும் ஒரே தலைக்குள் எப்படிச் சண்டையில்லாமல் இருக்கின்றன?

இது எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துப் பேசினார். ஏறத்தாழ பாதிப்பேர், இறந்தவர் அருகில் இருப்பதுபோல் உணர்ந்ததாகவோ, அவரைப் பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். ஏழில் ஒருவர் உருவத்தைப் பார்த்திருந்தார். கிட்டத்தட்ட அதே அளவினர் குரலைக் கேட்டிருந்தார்கள். அவர்கள் வழக்கம்போல் அன்றாட வாழ்க்கையை நடத்திக்கொண்டிருந்தவர்கள். பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. செல்லப் பிராணிகளை இழந்தவர்களிடமும் இதே வகை அனுபவங்கள் பின்னாளில் பதிவாகியுள்ளன. ஆக, நகச் சத்தம் கேட்பது அபூர்வமல்ல. அபூர்வமாகப் பேசப்படுவது, அவ்வளவுதான்.

டீ மாஸ்டரின் கை

காதில் விழுவதைத்தான் கேட்கிறோம், கண்ணில் படுவதைத்தான் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை மறுத்தார். புலன்கள் கொடுப்பது அரைகுறைத் தகவல். மூளை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை அதோடு சேர்த்து, நாம் அறியாமலேயே ஓர் அனுமானம் செய்கிறது. நாம் காண்பதும் கேட்பதும் அந்த அனுமானத்தைத்தான் என்பது அவர் கருத்து. இன்றைய நரம்பியல் இதையே விரிவாக்கி, மூளையை ஒரு முன்கணிப்பு எந்திரமாகப் பார்க்கிறது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறேகாலுக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வருவார். சர்க்கரை இல்லாமல், டிகாக்ஷன் தூக்கலாக ஒரு டீ. சில மாதம் போனதும் டீ மாஸ்டர் அவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதில்லை. தெருமுனையில் வெள்ளை வேட்டி தெரிந்ததுமே கை கிளாஸை எடுத்துவிடும். பத்தில் ஒன்பது நாள் அது சரியாக இருக்கும், நேரம் மிச்சம். என்றாவது வேறொருவர் வந்து நின்றால், "சர்க்கரை போட்டே குடுங்க மாஸ்டர்" என்பார். அப்போது மாஸ்டர் திருத்திக்கொள்வார். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலான இந்த வித்தியாசத்தை நரம்பியலில் கணிப்புப் பிழை என்கிறார்கள். மூளை புதிதாகக் கற்றுக்கொள்வதற்கான முக்கியச் சமிக்ஞை இந்தப் பிழைதான்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, வெளிச்சம் நன்றாக இருந்தால் மாஸ்டர் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வார். மார்கழிப் பனியில் முகம் தெரியாதபோது பழக்கத்தை நம்பித்தான் கிளாஸை எடுப்பார். தகவல் மங்க மங்க, எதிர்பார்ப்பின் கை ஓங்கும். இரண்டாவது, வாத்தியார் ஒருநாள் இறந்துபோகிறார். மாஸ்டர் கடையை அடைத்துவிட்டு மயானம்வரை போய் வருகிறார். மறுநாள் காலை ஆறேகாலுக்குப் பனியில் ஒரு வெள்ளை வேட்டி தெரிகிறது. கை கிளாஸுக்குப் போய்விடுகிறது. மாஸ்டருக்குத் தெரியும், மாஸ்டரின் கைக்கு இன்னும் தெரியாது.

நடுராத்திரி வீட்டில் நடப்பதும் இதுவே. காற்றில் காலண்டர் தாள் தட்டுகிறது. ஃபிரிட்ஜ் ஒரு முறை முனகி நிற்கிறது. மர பீரோ வெப்பம் தணிந்து சொடுக்குகிறது. பகலில் இவை நம் காதுக்கு வருவதே இல்லை. இரவின் அமைதியில் அரைகுறையாக வந்து சேரும் அந்தச் சத்தத்துக்கு மூளை ஒரு விளக்கம் தேடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த நேரத்தில், அந்தத் தரையில் வந்த சத்தம் எது? நகம். எனவே நகம்தான் கேட்கிறது.

எப்படித் தெரியும்?

கதை பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக அறிவியல் ஏற்றுக்கொள்ளாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பவர்ஸ், ஃபிலிப் கோர்லெட் குழுவினர் 2017இல் அதைச் செய்தார்கள். பங்கேற்றவர்களுக்குத் திரையில் ஒரு கட்டம்போட்ட படத்தைக் காட்டி, அதே நேரத்தில் ஒரு மெல்லிய ஒலியைக் கேட்கவைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். படம், ஒலி, படம், ஒலி. பலமுறை இப்படி இணைந்து வந்த பிறகு, ஒலியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பல தடவைகளில் ஒலியே இல்லாமல் படத்தை மட்டும் காட்டினார்கள். ஆனாலும் பலர் ஒலி கேட்டதாகப் பொத்தானை அழுத்தினார்கள். வெறுமனே ஊகித்து அழுத்தினார்களா? ஸ்கேன் கருவியில் பார்த்தபோது, இல்லாத ஒலியைக் கேட்டதாகச் சொன்ன நேரங்களில், உண்மை ஒலிக்கு வேலை செய்யும் செவிப்பகுதியே இயங்கிக்கொண்டிருந்தது. இயல்பாகவே குரல்கள் கேட்கும் பழக்கமுடையவர்களுக்கு இது அதிகமாக நேர்ந்தது. ஆனால் எந்தப் பிரச்சினையும் இல்லாதவர்களுக்கும் நேர்ந்தது.

அந்த ஆய்வகத்தில் பயிற்சி சிறிது நேரம்தான். நாய் இருக்கும் வீட்டில் அதே பயிற்சி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடக்கிறது. கேட் கொண்டி சத்தம், உடனே குரைப்பு. தட்டு கழுவும் சத்தம், உடனே வாசற்படியில் நகம். வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம், உடனே வால் சுவரில் தட்டுவது. முதல் பாதி இன்றும் தினமும் நடக்கிறது. இரண்டாம் பாதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

அறிந்த மூளையும் பழகிய மூளையும்

இனி, அறிதலும் எதிர்பார்ப்பும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்ற கேள்வி. நினைவு என்பது ஒன்றல்ல என்பதில் இதற்கு விடை இருக்கிறது. இதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்து, ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பிறகு புதிய நிகழ்வு எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு வரையச் சொன்னார். முதலில் தடுமாறிய மொலைசன், அடுத்தடுத்த நாட்களில் நன்றாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும், இப்படி ஒன்றைத் தான் இதற்குமுன் செய்ததே இல்லை என்றார். நிகழ்வை நினைவில் வைக்கும் அமைப்பு பழுதாகியிருந்தது. பழக்கத்தைக் கற்கும் அமைப்பு நலமாக இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அன்று தெரிந்தது.

நாயை இழந்த வீட்டில் எந்தப் பகுதியும் பழுதாகவில்லை. ஆனால் அதே பிரிவினை தெரிகிறது. மரணம் ஒரு நிகழ்வு; ஒரே நாளில், ஒரே முறை நடந்தது; நிகழ்வு நினைவு அதை உடனே பதிந்துகொண்டது. கேட்டில் முழங்கால் வைப்பது பழக்கம். ஆயிரக்கணக்கான தடவைகளில் மெல்ல மெல்ல ஊறியது. அது செய்தி கேட்டு மாறுவதில்லை. அனுபவித்துத்தான் மாறும்.

இடத்துக்கும் இப்படி ஒரு பிடி உண்டு. நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் ஆல்பர்ட் ட்சாவோ, மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இது. எலிகள் ஓடித்திரியும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்தார்கள்; பிறகு எடுத்துவிட்டார்கள். எலியின் என்டோரைனல் புறணி என்ற மூளைப்பகுதியில் சில நரம்புச் செல்கள், பொருள் முன்பு இருந்த வெற்றிடத்துக்கு எலி வரும்போதெல்லாம் துடித்தன. அங்கே இப்போது எதுவும் இல்லை. அந்தச் செல்களைப் பொறுத்தவரை அங்கே ஒன்று இருந்தது. சில செல்களில் இந்தத் துடிப்பு நாட்கணக்கில் நீடித்தது. பொருளின் தடத்தைச் சுமப்பதால் இவற்றைத் தடச் செல்கள் எனலாம். மூளைக்குள் இருக்கும் இட அறிவைப் பற்றிய வேறு கண்டுபிடிப்புக்காக மோசர் இணையர் அடுத்த ஆண்டே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் சோபாவுக்குக் கீழே அது படுத்திருந்த மூலையைக் கடக்கும்போது நம் கால் சற்றே விலகிப் போவதைப் புரிந்துகொள்ள இது ஒரு வழி காட்டுகிறது.

பிணைப்பு எங்கிருந்து வந்தது?

இதுவரை சொன்னது எதிர்பார்ப்பைப் பற்றி. ஆனால் பால் பாக்கெட் போடுபவரும் தினமும்தான் வருகிறார். அவர் நின்றுபோனால் ஓரிரு நாள் கதவைத் திறந்து பார்ப்போம், தொண்டை அடைக்காது. நாயின் இன்மை வலிக்கிறதென்றால், பழக்கத்தோடு வேறொன்றும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அதன் ஒரு பகுதியைக் கண்டார்கள். நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் அரைமணி நேரம் ஓர் அறையில் விட்டு, முன்பும் பின்பும் இரு தரப்பின் சிறுநீரிலும் ஆக்சிடோசின் அளவைப் பார்த்தார்கள். தாய்க்கும் சிசுவுக்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதில் பங்குள்ள ஹார்மோன் இது. நாய் அதிக நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இணைகளில் மனிதர், நாய் இருவருக்குமே ஆக்சிடோசின் கூடியிருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோது இது நடக்கவில்லை; ஓநாய்கள் முகத்தை அவ்வளவாகப் பார்ப்பதும் இல்லை. தாயும் குழந்தையும் கண்ணோடு கண் பார்த்து ஒருவரையொருவர் பிணைத்துக்கொள்ளும் வழியை, மனிதரோடு வாழத் தொடங்கிய நாயும் கண்டுகொண்டது என்பது ஆய்வாளர்கள் எடுத்த முடிவு.

அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், சிறு குழந்தையும் நாயும் உள்ள 14 தாய்மாருக்குத் தங்கள் குழந்தையின் படத்தையும் தங்கள் நாயின் படத்தையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். உணர்ச்சியோடும் பிணைப்போடும் தொடர்புடைய பல பகுதிகள் இரண்டுக்கும் ஒன்றுபோல் இயங்கின. எல்லாமே ஒன்றல்ல, நடுமூளையில் ஒரு பகுதி குழந்தையின் படத்துக்கு மட்டுமே இயங்கியது. 14 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் "பிள்ளை மாதிரி வளர்த்தோம்" என்று சொல்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

இந்தப் பிணைப்பின் வயதைச் சொல்ல ஒரு கல்லறை இருக்கிறது. ஜெர்மனியின் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்ற இடத்தில், 1914இல் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய் ஆகியோரின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். காலம், சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன்பு. உழவும் இல்லை, ஆடுமாடும் இல்லை. வேட்டையாடிப் பிழைத்த காலம். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு லூக் யான்சென்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் அந்த நாயின் பற்களை ஆராய்ந்தார்கள். பல் வளரும் காலத்தில் கடும் நோய் வந்தால் எனாமலில் வரிகள் விழும். வரி இருக்கும் இடத்தைக் கொண்டு நோய் வந்த வயதைக் கணிக்கலாம். அந்தக் குட்டிக்கு ஐந்து மாத அளவில் டிஸ்டெம்பர் எனும் நோய் கண்டிருக்கலாம் என்றும், வாரக்கணக்கில் பலமுறை மோசமாகி, ஏழு மாதம் நிறையும் முன்பே இறந்திருக்கிறது என்றும் 2018இல் அவர்கள் எழுதினார்கள். இந்த நோய் கண்ட குட்டி தானாக அவ்வளவு நாள் தாங்காது. யாரோ தண்ணீர் கொடுத்து, சூடு கொடுத்து, துடைத்துவிட்டிருக்க வேண்டும். வேட்டைக்கு அந்தக் குட்டியால் காலணா பிரயோஜனம் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள், மனிதரோடு புதைத்தார்கள்.

ஏக்கம் தணிவது எப்படி?

அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேரி-ஃபிரான்சிஸ் ஓ'கானர் இழப்பின் துயரத்தை மூளையில் தேடுபவர். 2008இல் அவர் குழு, தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த 23 பெண்களுக்கு, இறந்தவரின் படத்தையும் நினைவூட்டும் சொற்களையும் காட்டி ஸ்கேன் செய்தது. எல்லோருக்கும் வலியோடு தொடர்புள்ள பகுதிகள் இயங்கின. துயரம் ஆறாமல் நீண்டுகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியும் இயங்கியது. ஏதோ ஒன்று வேண்டும், கிடைக்கப்போகிறது என்ற நாட்டத்தோடு தொடர்புள்ள பகுதி அது. இழந்தவரை எவ்வளவு தேடினார்களோ, அவ்வளவுக்கு அந்த இயக்கமும் இருந்தது. மூளையின் ஒரு பகுதி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். துயரப்படுவது என்பது கற்றுக்கொள்வதில் ஒரு வகை என்று ஓ'கானர் வாதிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கற்றல் என்றால் முடிவில் என்ன ஆகும்? மறந்துபோகுமா? இதற்கு ஒரு புல்வெளிப் பிராணி பதில் சொல்கிறது. ப்ரெய்ரி வோல் என்ற எலியினம், பாலூட்டிகளில் அரிதாக, ஒரே துணையோடு வாழக்கூடியது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸோயி டொனால்ட்சன் குழுவினர், துணையைத் தேடிப் போகும்போது இவற்றின் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் டோப்பமின் பொங்குவதை நேரடியாக அளந்தார்கள். முன்பின் தெரியாத வோலைத் தேடிப் போகும்போது அந்த அளவுக்குப் பொங்கவில்லை. பிறகு இணைகளை நான்கு வாரம் பிரித்து வைத்தார்கள். வோலின் குறுகிய ஆயுளில் அது நீண்ட காலம். மீண்டும் சேர்த்தபோது பழைய துணையை அவற்றுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் அந்த டோப்பமின் பொங்கல் கிட்டத்தட்ட அடங்கிவிட்டிருந்தது. 2024இல் வெளியான இந்த ஆய்வில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: ஏக்கம் தணிய நினைவு அழிய வேண்டியதில்லை. இரண்டும் மூளையில் ஒன்றல்ல. துயரம் குறைந்தால் நாயை மறந்துவிட்டோம் என்று குற்ற உணர்வு கொள்பவர்கள் இதை மனதில் வைக்கலாம்.

டீ மாஸ்டரின் கையும் இப்படித்தான் அடங்குகிறது. ஒவ்வொரு காலை ஆறேகாலும் ஒரு கணிப்புப் பிழை. பிழை சேரச் சேரக் கை தயங்கும், பிறகு போகாது. ஆனால் கோடையில் அடங்கிய கை அடுத்த மார்கழிப் பனியில் மறுபடி ஒருமுறை எழும், ஏனென்றால் அந்தச் சூழலில் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. நாயை இழந்த வீட்டில் வாரநாட்கள் பழகிய பிறகும் முதல் தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்குக் கீழே குனிந்து தேடுவதற்குக் காரணம் இதுதான். வாசலில் ஒருமுறை, சமையலறையில் ஒருமுறை, மழைநாளில் ஒருமுறை என்று தனித்தனியாக மூளை இதைக் கற்க வேண்டியிருக்கிறது. துயரம் ஒழுங்காகக் குறையாமல் ஏறி இறங்குவதும் அதனால்தான். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டு, வரிசையாக ஏறினால் முடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. இழந்தவர்களுக்கு வகுத்த கால அட்டவணையாக அல்ல. அந்த வரிசையில் உங்கள் துயரம் வரவில்லையென்றால் கோளாறு உங்களிடம் இல்லை.

நாய்க்கும் உண்டா?

இந்தப் பேச்சில் ஹாச்சிகோ வராமல் இருக்காது. டோக்கியோவில் ஹிதேசபுரோ உயேனோ என்ற பேராசிரியர் வளர்த்த அகிதா இன நாய். 1925 மே மாதம் அவர் பணியிடத்தில் இறந்தார். அதன்பிறகு 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை ஹாச்சிகோ ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. விசுவாசம் என்று உலகம் சொல்கிறது. நிலையத்தில் பலர் அதற்குத் தீனி கொடுத்தார்கள், அதற்காக வந்தது என்று சந்தேகிகள் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட முகம் என்ற கணிப்பு நம் மூளையைப் போலவே நாயின் மூளையிலும் உருவாகிறது. அவர் இறந்த செய்தியை மட்டும் அதற்கு யாரும் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாய்கள் இருந்து ஒன்று இறந்த வீடுகளைப் பற்றி இத்தாலியில் 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. 426 பேரிடம் கேட்டதில் 86 விழுக்காட்டினர், மிஞ்சிய நாயின் நடத்தையில் மாற்றம் கண்டதாகச் சொன்னார்கள்: விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, காலைச் சுற்றுவது கூடியது. இது நாய்களை அளந்ததல்ல, வளர்ப்பவர்கள் சொன்னது. அவர்கள் சோகம் நாயின்மேல் ஏறியும் இருக்கலாம். இருந்தாலும் நடைமுறையில் ஒரு பாடம் உண்டு: மிஞ்சிய நாய்க்குச் சாப்பாட்டு நேரத்தையும் நடைக்குக் கூட்டிப்போகும் நேரத்தையும் மாற்றாதீர்கள்.

நினைவை வைத்துக்கொள்வது

நினைவு அப்படியே பெட்டியில் கிடப்பதில்லை. கரீம் நாடர், க்ளென் ஷாஃப், ஜோசப் லெடூ ஆகியோர் 2000ஆம் ஆண்டு எலிகளில் காட்டியது இது: பதிந்துபோன நினைவுகூட மீண்டும் எழும்பும்போது தற்காலிகமாக இளகிவிடுகிறது, திரும்பவும் பதிந்தால்தான் நிற்கிறது. எனவே ஒவ்வொரு முறை நாயைப் பற்றிப் பேசும்போதும் அந்த நினைவைக் கொஞ்சம் மறுபடி எழுதுகிறோம். கடைசி நாட்களின் மருத்துவமனைக் காட்சிகள் மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதன் திருட்டுத்தனங்களையும் பேசுவது நல்லது. இட்லி மாவுப் பாத்திரத்தில் மூக்கை விட்ட கதை, கல்யாண வீட்டுச் செருப்பைத் தூக்கிவந்த கதை எல்லாம் அதில் சேரட்டும்.

கழுத்துப்பட்டையையும் சங்கிலியையும் அன்றே தூக்கிப் போட வேண்டியதில்லை. அதன் போர்வையின் மணம் பட்டென்று கண்ணீரை வரவழைப்பதற்கும் உடலியல் காரணம் உண்டு: மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போக, மணம் மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை ஏறக்குறைய நேராகச் சென்றடைகிறது. தாங்க முடியவில்லையென்றால் ஒரு டப்பாவில் மூடி வைத்துவிட்டு, முடிகிற நாளில் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். திரும்பி வரும் என்ற கணிப்பை அவர்கள் மூளையில் நாமே வளர்த்துவிடக் கூடாது.

நம் மண்ணில் நாயின் நினைவைக் கல்லில் பொறித்ததும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. கால்நடைக்கான சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுக்கப்பட்டது. அவனருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. சண்டையில் செத்த எத்தனையோ மனிதர்களின் பெயர் தொலைந்துபோயிருக்க, ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது.

ஆனால் இன்றும் நாய் செத்ததற்கு அழுபவரைப் பார்த்து, "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம் விடுங்க" என்கிறோம். அலுவலகத்தில் இதற்கு ஒருநாள் விடுப்பு கேட்கக் கூச்சப்படுகிறோம். நீடித்த துயரத்தை ஒரு நோயாக வரையறுக்கும் மருத்துவக் கையேடுகள்கூட மனிதரின் மரணத்தை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. சமூகம் ஏற்காத துயரம் என்று சமூகவியலாளர் கென்னத் டோகா இதைப் போன்றவற்றை அழைத்தார். வெளியில் காட்ட இடமில்லாத துயரம் ஆறுவது கடினம் என்றும் சொன்னார். எனவே அக்கம்பக்கத்தில் யாராவது நாயை இழந்திருந்தால், மாற்று நாய்க்கு யோசனை சொல்லாமல், அதன் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை விசாரியுங்கள். இழந்தவர் நீங்கள் என்றால், நகச் சத்தம் கேட்டதற்காக வெட்கப்படாதீர்கள், பயப்படாதீர்கள். அது பெரும்பாலும் தானாகக் குறையும். மாதக்கணக்காகியும் தூக்கமும் சாப்பாடும் வேலையும் திரும்பவில்லையென்றால் மட்டும், நாய்க்காகப் போய் நிற்பதா என்று தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.